பிடுங்க மட்டும்தானா? ஈறு நோயும் எங்கள் மக்களும்

ஏப்ரல் 14, அண்ணல் அம்பேத்கரின் பிறந்தநாளை ஒட்டி, நாங்கள் ஆண்டுதோறும் காலனியில் ஒரு மருத்துவ முகாம் நடத்துவது வழக்கம். சர்க்கரை, இரத்த அழுத்தம், கண் பரிசோதனை. இந்த ஆண்டு பல்லையும் சேர்த்துக்கொண்டோம். முகாமுக்கு முதல் நாள் உதவிக்கு வந்த ஒருவர் ஒரு யோசனை சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். "வர்றவங்கள வாய நல்லா கழுவிட்டு வரச் சொல்லிடுங்க. டாக்டருங்க மூஞ்சி சுளிச்சிடப் போறாங்க."

கண் முகாமுக்கு வருகிறவர்களைக் கண்ணைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லி யாரும் கேட்டதில்லை. சர்க்கரை பார்க்க வருகிறவர்களிடம் விரலைத் தேய்த்துக்கொண்டு வரச் சொன்னதில்லை. வாய் என்றதும் மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது இந்தக் கவலை.

எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. பேஷ்வாக்களின் ஆட்சியில் புனே நகரத் தெருக்களில் நடந்த தீண்டப்படாத மக்கள், தங்கள் எச்சில் மண்ணில் விழுந்துவிடாமலிருக்கக் கழுத்தில் மண்கலயம் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போக வேண்டியிருந்ததை, 1936இல் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். கலயம் போய்விட்டது. டீக்கடையில் தனிக் குவளை வந்தது. அது சட்டப்படி குற்றம் என்றானதும் 'எல்லாருக்கும் பேப்பர் கப்தானே' என்று சொல்லிக்கொண்டே நமக்கு மட்டும் பேப்பர் கப்பில் கொடுக்கும் கடைகளை நாங்கள் இன்றும் பார்க்கிறோம். எச்சில் என்ற சொல்லைச் சுற்றித்தான் இந்த ஊரின் பாதித் தீண்டாமை நிற்கிறது. எங்களில் சிலர் முதுகலைச் சமூகவியல் படித்தவர்கள். தூய்மை, தீட்டு என்று லூயி துய்மோன் தொடங்கிப் பக்கம் பக்கமாகப் படித்துத் தேர்வும் எழுதினோம். அந்தத் தீட்டு ஒரு மனிதரின் ஈறுக்குள் என்ன செய்கிறது என்பதை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

என்ன செய்கிறது? முதலில் வாயை மூட வைக்கிறது. முகாமுக்கு வந்த பெண்களில் பாதிப்பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினார்கள். ஈறில் இரத்தம் வருகிறதா என்று கேட்டால் முதலில் "இல்லையே" என்பார்கள். தனியாகக் கூட்டிப் போய்க் கேட்டால் ஐந்து வருடமாக, பத்து வருடமாக வருகிறது என்பார்கள். நாற்றம் என்ற ஏச்சைப் பிறந்ததிலிருந்து கேட்ட மக்கள், வாயில் ஒரு நோய் இருக்கிறது என்று எப்படி வாய்விட்டுச் சொல்வார்கள்?

ஈறு நோய் வலிக்காமல் வளர்வது இதை இன்னும் மோசமாக்குகிறது. சொத்தைப் பல் இரவில் தூங்கவிடாது, மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போய்விடும். ஈறு அப்படியல்ல. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் வெள்ளையாக, வழவழப்பாக ஒரு படலம் படிகிறது. அது முழுக்கக் கிருமிகள். துலக்கி எடுத்தால் போய்விடும். விட்டுவிட்டால் எச்சிலில் உள்ள சுண்ணச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஓரிரு நாட்களிலேயே இறுகத் தொடங்கும். அதைத்தான் காரை என்கிறோம். காரையான பிறகு எந்தப் பிரஷ்ஷுக்கும் அது அசையாது. படலத்தை எதிர்த்து உடல் போராடுவதால் ஈறு சிவந்து வீங்குகிறது, தொட்டால் இரத்தம் கசிகிறது. இந்தக் கட்டம் வரை எல்லாமே சரியாகக்கூடியது. இதைத் தாண்டினால் ஈறு பல்லை விட்டு விலகி இடையில் பை போலக் குழி விழுகிறது. காற்றுப் புகாத அந்தக் குழிக்குள் வேறு வகைக் கிருமிகள் குடியேறுகின்றன. பல்லைத் தாங்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வராது. பல் ஆடத் தொடங்கும்போதுதான் நமக்குச் செய்தி தெரிகிறது. அதற்குள் பல வருடம் ஓடியிருக்கும்.

இது அழுக்கான மனிதர்களுக்கு வரும் நோய் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும். 1965இல் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் நல்ல ஈறுகளுடைய 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடியும் துலக்கத் தொடங்கியதும் சரியாகிவிட்டது. பல் மருத்துவம் படிக்கும் வெள்ளைக்கார மாணவனின் ஈறும் மூன்று வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. ஆகவே கேள்வி யார் அழுக்கு என்பதல்ல. யாருக்குத் துலக்க நேரமும் நீரும் இருக்கின்றன, துலக்கியும் போகாததை எடுத்துவிட யாருக்கு மருத்துவர் இருக்கிறார் என்பதுதான்.

அதே லோ செய்த இன்னொரு ஆய்வு நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. நெருக்கமானது மட்டுமல்ல, படித்த அன்று இரவு எங்களில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

ஈறு நோயைச் சிகிச்சை எதுவும் இல்லாமல் அதன் போக்கில் விட்டால் ஆயுள் முழுக்க என்ன நடக்கும்? இதை அறிய மருத்துவ உலகத்துக்கு இரண்டு கூட்டம் தேவைப்பட்டது. ஒன்று, சிறு வயது முதலே பல் மருத்துவம் ஒழுங்காகக் கிடைத்த நார்வே நாட்டு ஒஸ்லோ நகரின் மாணவர்களும் கல்வியாளர்களும். மற்றொன்று, பல் மருத்துவம் என்பதே எட்டாத மக்கள். அவர்களை எங்கே கண்டுபிடித்தார்கள் தெரியுமா? இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில். 1970இல் அடுத்தடுத்த இரண்டு தோட்டங்களில், பதின்ம வயதினரும் இளைஞர்களுமாக 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களை அளந்து குறித்துக்கொண்டார்கள். 1985 வரை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போய் மறுபடியும் அளந்தார்கள்.

இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் என்றால் யார் என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் பஞ்சத்துக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பித் திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர் பக்கங்களிலிருந்து கப்பலேறிப் போன மக்களின் பிள்ளைகள். அவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். 1948இல் கொண்டுவரப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அந்த ஆய்வு தொடங்கிய 1970இலும் பல இலட்சம் பேர் எந்த நாட்டுக்கும் குடிமக்களாக இல்லாமல்தான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். லயத்து அறையில் பிறந்து லயத்து அறையில் சாகும் அந்த மக்களின் ஈறுகளிலிருந்துதான் உலகின் பல் மருத்துவப் பாடநூல்கள் இன்று சொல்லும் உண்மைகளில் ஒரு பெரும் பகுதி எடுக்கப்பட்டது.

1986இல் வந்த முடிவுகள் இவை. அந்தத் தொழிலாளர்களுக்குச் சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லவே இல்லை. விழுந்த பற்கள் எல்லாம் ஈறு நோயால் விழுந்தவை. 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது. அவர்கள் 45 வயதுக்குள் எல்லாப் பற்களையும் இழந்தார்கள். 81 சதவீதம் பேருக்கு நோய் மெதுவாக நகர்ந்தது, 45 வயதில் சராசரியாக ஏழு பற்கள் போயிருந்தன. மீதி 11 சதவீதம் பேருக்கு வாயெல்லாம் காரை இருந்தும் நோய் ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது. ஒரே தோட்டம், ஒரே உழைப்பு, யாரும் பிரஷ்ஷைத் தொட்டதில்லை. ஆனாலும் உடல்கள் மூன்று விதமாக நடந்துகொண்டன. 2010இல், நாற்பது ஆண்டு கழித்து, அவர்களில் உயிரோடிருந்த 75 பேரைத் தேடிப் பிடித்து மறுபடியும் வாயைப் பார்த்திருக்கிறார்கள்.

அறிவியலுக்கு இது பெரிய கொடை. இதை நாங்கள் மறுக்கவில்லை. யாருக்கு வேகமாக ஓடும் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, ஒவ்வொரு வாயையும் திறந்து அளந்து பார்த்தால்தான் தெரியும் என்று நமக்குக் கற்றுக்கொடுத்தது இந்த ஆய்வுதான். அந்த எட்டுப் பேரை இருபது வயதிலேயே கண்டுபிடித்தால் அவர்களுடைய பல்லைக் காப்பாற்றலாம். ஆனால் நாற்பது ஆண்டு அளந்து பார்க்க ஒரு மக்கள் கூட்டம் கிடைத்தது எதனால்? அவர்களுக்குப் பல் மருத்துவர் இல்லாததால். அந்த இல்லாமைதான் அவர்களின் தகுதி.

நம் வீடுகளுக்கு வருவோம். எங்கள் பாட்டிமார் எல்லாரிடமும் ஒரு சின்ன இரும்பு உரல் இருந்தது. வெற்றிலை பாக்கை அதில் போட்டு இடித்துத்தான் வாயில் போட்டுக்கொள்வார்கள். சிறு வயதில் அந்த 'டொக் டொக்' சத்தம் எங்களுக்குப் பிடிக்கும். பாட்டி என்றாலே பொக்கை வாய் என்று நினைத்து வளர்ந்தோம். இப்போது கணக்குப் போட்டால், அந்த உரலை வாங்கியபோது அவர்களில் பலருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. வயதானால் பல் விழும் என்பது உண்மையல்ல. நோய் வந்தால் பல் விழும். காப்பாற்றப்பட்ட பல் எண்பது வயதிலும் நிற்கும். பொக்கை வாய்ச் சிரிப்பைக் கள்ளமற்ற சிரிப்பு என்று கதை எழுதுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

முகாமில் எங்களுக்கு மறக்க முடியாதவர் ஒரு தூய்மைப் பணியாளர் அக்கா. வட மாவட்டத்து நகராட்சி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. நாற்பத்து மூன்று வயது. கீழ் வரிசை முன்பற்களில் மூன்று இல்லை, இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஐந்தரைக்குள் வருகைப் பதிவு. அந்த இருட்டில் விரலால் பல்பொடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கிளம்புவார். ஒன்று விட்டு ஒரு நாள் வரும் குழாய்த் தண்ணீரில் வீட்டுக்கே கணக்குப் போட்டுத்தான் செலவழிக்க வேண்டும். வேலைக்குப் போனதும் கீழ் உதட்டுக்குள் புகையிலை. "அது இல்லாம அந்த மூட்டைய அவுக்க முடியாது தம்பி. போயில வாசன ஏறிட்டா நாத்தம் தெரியாது" என்றார். வீடு வீடாகப் பிரிக்காமல் தரப்படும் குப்பையில் என்னவெல்லாம் இருக்கும் என்பது எடுக்கிறவர்களுக்குத்தான் தெரியும். பத்து மணிக்குச் சாப்பாடு. கையில் ஒரு பாட்டில் தண்ணீர். அதில் கை கழுவியதும் குடித்ததும் போக வாய் கொப்பளிக்க மிச்சமிருக்காது. எந்த வீட்டில் கேட்பது? கேட்டால் தூரத்தில் நின்று மேலிருந்து ஊற்றுவார்கள். "அதுக்குக் கேக்காமலே இருந்துடலாம்" என்றார் அக்கா.

புகையிலை ஈறுக்குச் செய்யும் துரோகத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். வாயில் ஒதுக்கி வைக்கும் புகையிலை, வைக்கும் இடத்திலேயே ஈறை அரித்துப் பல்லின் வேரை வெளியே தெரிய வைக்கிறது. பீடி, சிகரெட் வேறு விதமாக ஏமாற்றும். அதிலுள்ள நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் நோய் முற்றியிருந்தாலும் இரத்தம் அதிகம் வராது. ஈறு நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம். வாய்ப் புற்றுநோய் தனிக் கதை. தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013 முதல் தடை இருக்கிறது. தடை இருக்கிறதா என்று எங்கள் பகுதிப் பெட்டிக்கடையில் கேட்டால் சிரிப்பார்கள்.

அக்கா மருத்துவமனைக்குப் போகாதவர் அல்ல. மூன்று முறை போயிருக்கிறார். மூன்று முறையும் ஒரு பல்லைப் பிடுங்கி அனுப்பியிருக்கிறார்கள். "எங்க ஆடுது? வாயத் தொற. சரி, எடுத்துடலாம் போ." அவ்வளவுதான் உரையாடல். அவருக்குப் பின்னால் நின்ற, அவரைவிட வயதில் சின்னவரான இன்னொரு பெண்ணிடம் "வாங்க, உட்காருங்க" என்று சொன்னதையும் அக்கா கவனித்திருக்கிறார். நம் மக்கள் இதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். ஏன் ஆடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. மற்ற பற்களைப் பார்க்கவில்லை. காரையை எடுக்கவில்லை. சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

முகாமில் பார்த்தோம். முந்நூறைத் தாண்டியிருந்தது.

சர்க்கரை நோய்க்கும் ஈறு நோய்க்கும் உள்ள உறவு இருவழிப் பாதை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்கள் சோர்ந்துபோகின்றன, வாய் வறள்கிறது, புண் ஆறத் தாமதமாகிறது, ஈறு வேகமாகக் கெடுகிறது. எதிர்த்திசையில், ஈறுக்குள் வருடக்கணக்கில் கனலும் அழற்சி இரத்தத்தில் கலந்து, இன்சுலின் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கிறது. கண், சிறுநீரகம், நரம்பு, கால் என்று சர்க்கரை நோயின் பின்விளைவுகளை வரிசைப்படுத்துவார்கள் அல்லவா? ஈறு நோயை அதன் ஆறாவது பின்விளைவு என்று 1993இல் எழுதியவரும் அதே ஹரால்ட் லோதான். ஈறுக்கு ஒழுங்காகச் சிகிச்சை அளித்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. அளவு சுமார் 0.4 புள்ளி குறைவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிடும் அளவுக்கு அது பெரியதல்ல. மாத்திரையோடு சேர்ந்தால் சின்ன விஷயமும் அல்ல.

ஈறு முழுக்கக் கெட்ட ஒருவருக்கு உள்ளுக்குள் இருக்கும் புண்ணையெல்லாம் விரித்து வைத்தால் ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கம் அளவுக்கு வரலாம். காலில் அந்த அளவுக்கு ஒரு புண் பல வருடம் ஆறாமல் இருந்தால் சும்மா இருப்போமா? ஒவ்வொரு முறை மெல்லும்போதும் அந்தப் புண் வழியாகக் கிருமிகள் இரத்தத்துக்குள் போய் வருகின்றன. ஈறு நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வருவதை நிறைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஈறுதான் காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை. புகையிலை, சர்க்கரை, வறுமை என்று இரண்டு நோய்க்கும் பொதுவான வேர்கள் இருக்கின்றன. பல் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். கர்ப்பிணிகள் விஷயத்திலும் அப்படித்தான். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும், இரத்தம் வரும். ஈறு நோய்க்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு காணப்படுகிறது. சிகிச்சையால் அதைத் தடுக்க முடியும் என்பது சோதனைகளில் உறுதியாகவில்லை. ஆனால் கர்ப்ப காலத்தில் பல் சிகிச்சை பாதுகாப்பானதே. 'மாசமா இருக்கும்போது பல்லுல கை வைக்கக் கூடாது' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வலியோடு கிடக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம்விட எங்களைத் தைத்தது சாப்பாடுதான். அக்கா ஞாயிற்றுக்கிழமைக் கறியை விட்டு இரண்டு வருடமாகிறது. மாட்டுக்கறிதான் நம் வீடுகளில் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கும் நல்ல சத்து. மென்று தின்ன வேண்டிய உணவு அது. எலும்பைக் கடித்து உறிஞ்ச வேண்டும். ஆடுகிற பல்லை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியுமா? கறியைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுக் குழம்பைச் சோற்றில் பிசைந்து விழுங்கிவிடுவார். வேர்க்கடலை போயிற்று, கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாடு போயிற்று, பச்சைக் காய் எதுவும் இல்லை. காலையில் டீயில் நனைத்த பன், மதியம் குழைந்த சோறு, இரவு டீயும் பொரையும். சர்க்கரை எப்படி இறங்கும்? மருத்துவர் 'அரிசியைக் குறை, சர்க்கரையைக் குறை' என்று சீட்டில் எழுதித் தருவார். எதைக் கொண்டு மென்று அந்தச் சீட்டைப் பின்பற்றுவது?

முகாமுக்கு வந்திருந்த இளம் பல் மருத்துவர் ஒருவர் அவரைத் தன் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். "வாயைத் திறங்கம்மா" என்று சொல்லித் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மெல்லிய அளவுகோலால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் குழியின் ஆழத்தை அளந்து சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டார். எங்களுக்கே அப்படி யாரும் அளந்து பார்த்ததில்லை. நாலு முறை வரச் சொல்லி, ஈறுக்கு மேலேயும் கீழே வேர்ப்பகுதியிலும் இருந்த காரையை எடுத்தார். ஆடிய இரண்டில் ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றது இறுகி நிற்கிறது. சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. முதன்மைக் காரணம் மாத்திரைதான், அதில் சந்தேகமில்லை.

பல் சுத்தம் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்ற பயம் எங்கள் பகுதியில் எல்லாருக்கும் இருக்கிறது. உண்மையில் நடப்பது வேறு. எலும்பு கரைந்த இடத்தைக் காரை அடைத்துக்கொண்டு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த இடைவெளி வெளியே தெரிகிறது. வீக்கம் வற்றுவதால் ஈறு கொஞ்சம் சுருங்கும். சில நாள் கூச்சம் இருக்கும். முட்டுக்கட்டையாக இருந்த காரையே சுவரை அரித்துக்கொண்டிருந்த கறையானும் என்று சொன்னால் நம் மக்களுக்குச் சட்டென்று புரிகிறது.

வீட்டில் செய்யக்கூடியவை அதிகமில்லை. மென்மையான பிரஷ், ஈறின் விளிம்பில் சாய்த்துப் பிடித்து மெதுவாக அசைத்துத் துலக்குவது, இரண்டு நிமிடம். காலையைவிட இரவு முக்கியம், தூங்கும்போது எச்சில் சுரப்பு குறைந்துவிடுவதால். முள் வளைந்த பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்ட வேண்டாம். வீட்டில் நாலு பேருக்கு ஒரே பிரஷ் இருக்கும் வீடுகளையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆளுக்கொன்று வேண்டும். இரத்தம் வருகிறதே என்று துலக்குவதை விட்டுவிடக் கூடாது. வருகிற இடத்தில்தான் கவனமாகத் துலக்க வேண்டும், ஓரிரு வாரத்தில் நிற்கவில்லையென்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். செங்கல் பொடியும் அடுப்புச் சாம்பலும் பல்லைத் தேய்த்துவிடும். வேப்பங்குச்சியின் பெருமையை நாங்கள் குறைக்கவில்லை, ஆனால் கடைவாய்ப் பல்லின் உட்பக்கத்துக்கு அது எட்டாது. உப்பு வெந்நீர் இதம் தரும், காரையைக் கரைக்காது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் வீக்கத்தை வற்ற வைக்கும், காரை அப்படியே இருக்கும், அடுத்த மாதம் மறுபடியும் வீங்கும்.

இப்படிச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கைகழுவிக்கொள்வது எங்களுக்குச் சம்மதமில்லை. 'விழிப்புணர்வு' என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அக்காவுக்கு விழிப்புணர்வு இல்லாமலில்லை. ஐந்தரை மணி வருகைப் பதிவும் தண்ணீரில்லாத வேலை இடமும்தான் இருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, கடும் ஈறு நோய் உள்ளவர்கள் உலகில் நூறு கோடிக்கும் மேல் என்கிறது. நூறு கோடிப் பேருமா சோம்பேறிகள்?

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க வீட்டு வாசலுக்கே பெண்கள் வருகிறார்கள். நல்ல திட்டம். வரும்போதே ஈறில் இரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா, மெல்ல முடிகிறதா என்று மூன்று கேள்வி கூடுதலாகக் கேட்க எவ்வளவு செலவாகும்? சர்க்கரை நோயாளி ஒவ்வொருவரையும் வருடத்துக்கொரு முறை பல் மருத்துவரிடம் அனுப்பும் சீட்டு ஏன் தானாகவே கிடைக்கக் கூடாது?

அக்காவும் அவருடைய வார்டில் வேலை செய்பவர்களும் சேர்ந்து நகராட்சிக்கு ஒரு மனு எழுதினார்கள். எழுத மட்டும் நாங்கள் உதவினோம். ஒவ்வொரு வார்டிலும் கை, வாய் கழுவக் குழாயுள்ள ஓர் இடம், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரையும் ஈறும் சேர்த்துப் பரிசோதனை. வாங்கிக்கொண்ட அதிகாரி, குழாய் பற்றிப் பார்க்கலாம் என்றார். இன்னொரு மனு மருத்துவமனைக்கு. அங்கே பல் பிரிவின் ஓ.பி. சீட்டு காலையில்தான் தருவார்கள். அந்த நேரத்தில் இவர்கள் குப்பை வண்டியோடு தெருவில் இருப்பார்கள். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும், காரை எடுக்க நாலு நாள் போக வேண்டும், பிடுங்க ஒரு நாள் போதும். பிடுங்குவதையே நம் மக்களும் ஏன் கேட்டு வாங்குகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு சீட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறோம். மருத்துவர்கள் இருவருக்கு இதில் தடையில்லை. மேலிடத்து உத்தரவு வர வேண்டும் என்கிறார்கள். அந்த உத்தரவுக்காக அடுத்த திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்துக்கு வார்டிலிருந்து பதினாறு பேர் போகிறோம். வேலை முடிந்து பதினொன்றரைக்கு மேல்தான் வர முடியும் என்பதால், எங்களில் ஒருவர் காலையிலேயே போய் வரிசையில் இடம் பிடித்து நிற்பார்.